உப்பில்லாத பதினைந்து நாட்கள்

பிப்ரவரி 8, ஞாயிறு

தூக்கம் ஏழு மணி நேரம். மனநிலை பத்துக்கு ஐந்து. மாத்திரை காலையில் ஒன்று, இரவில் இரண்டு.

இந்த மூன்றையும் தினமும் எழுதச் சொன்னவர் ஈரோட்டில் என்னைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஜோஸ்பின். ஆறு வருடமாக எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும்போது அந்த எண்களை மட்டும் ஒரு தாளில் படியெடுத்துக் கொடுப்பேன். பக்கத்தில் மீதியிருக்கும் இடத்தில் நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. வாத்தியார் எழுதுவதை யார் விரும்பிப் படிப்பார்கள்.

நான் விழுங்குவது லித்தியம் கார்பனேட். மற்ற மாத்திரைகளின் பெயர் வாயில் நுழையாது. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. தனிம அட்டவணையில் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது, எல்லா வகுப்பறைச் சுவரிலும் தொங்குகிறது. உலோகங்களிலேயே லேசானது. சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாக்கலாம், லித்தியம் மண்ணெண்ணெயிலும் மிதக்கும். அதனால் வாஸ்லைன் மாதிரி ஏதாவதில் புதைத்து வைப்பார்கள். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உண்டானவை ஹைட்ரஜன், ஹீலியம், கூடவே கொஞ்சூண்டு லித்தியம். அவ்வளவு பழைய குடும்பத்து ஆள் ஒருவர் தினமும் மூன்று மாத்திரையாக என் வயிற்றுக்குள் போவதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு.

காலையில் என் மனைவி சம்பூர்ணம் தோசை வார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, இந்த வருசமாச்சும் காப்புக் கட்டிரலாமுங்க. இன்னும் எத்தன நாளைக்குத் தள்ளிப் போடறது."

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, தன் பிறந்த ஊர் மாரியம்மனுக்கு அவள் வேண்டிக்கொண்டாள். நான் தேறி வந்தால், மாசித் திருவிழாவுக்கு நான் காப்புக் கட்டிப் பதினைந்து நாள் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். ஒரு வருடம் என் அப்பா காரியம், அடுத்து அவள் அண்ணன் காரியம், நடுவில் திருவிழாவே நடக்கவில்லை. இப்படியே போய்விட்டது.

சரி என்றேன். ஆறு வருடம் நான் ஒழுங்காக இருப்பதற்குக் காரணம் லித்தியம் என்பது என் கட்சி, மாரியம்மன் என்பது அவள் கட்சி. கூட்டணி நன்றாகத்தான் நடக்கிறது. அந்த நோய் மறுபடி வந்தால் என் வேலை போகும். அதைவிட, இன்னொரு முறை அவள் தாங்கமாட்டாள். அதற்குப் பதினைந்து நாள் சப்பென்று சாப்பிடுவது பெரிய விலை இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

தூக்கம் ஏழு. மனநிலை ஐந்து. மாத்திரை ஆயிற்று.

அடுத்த வாரம் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. ஆய்வக உதவியாளர் சிக்கந்தரும் நானும் மருந்துப் புட்டிகளைச் சரிபார்த்தோம். சில்வர் நைட்ரேட் போதாது. அம்மோனியா புட்டியின் மூடி இறுகிப்போய், சிக்கந்தர் அதைக் கதவிடுக்கில் வைத்துத் திருகினார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அவள் ஊருக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு வலது மணிக்கட்டில். பூசாரி கட்டும்போது "உப்பு, ஊறுகா, அப்பளம், கடைப் பலகாரம் ஒன்னும் ஆகாதுங் வாத்தியாரே" என்று பட்டியல் வாசித்தார்.

இரவு ராகிக் களி, உப்பில்லாத மோர், வெல்லம். உப்பில்லாத களி வாயில் நிற்பதே இல்லை, நேராகத் தொண்டைக்குப் போய்விடுகிறது. ஒரு மனித உடம்பில் ஏறக்குறைய நூறு கிராம் சோடியம் இருக்கும் என்று சம்பூர்ணத்திடம் சொன்னேன். பதினைந்து நாளில் அது எங்கே ஓடிவிடப்போகிறது. அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

தூக்கம் ஏழு. மனநிலை ஐந்து. களி. குறிப்பு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

தூக்கம் ஆறரை. மனநிலை ஐந்து.

சுடர் சோதனையைக் கடைசியாக ஒருமுறை செய்துகாட்டினேன். பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் தோய்த்து, உப்பைத் தொட்டு, பர்னர் சுடரில் காட்ட வேண்டும். இத்தனை வருடம் செய்தும் அந்த நிறம் எழும்போது வகுப்பில் ஒரு நொடி சத்தம் நின்றுபோவது எனக்குப் பிடிக்கும்.

முதல் தொகுதியைப் பற்றி எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வெளிக்கூட்டில் ஆளுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான், அதையும் யார் கேட்டாலும் கொடுத்துவிடும். கரைசலில் போட்டால் மூன்றும் நிறமில்லாமல், சாதுவாக, ஒன்றுபோல இருக்கும். சுடரில் காட்டினால்தான் யார் யார் என்று தெரியும். லித்தியம் செஞ்சிவப்பு, சோடியம் மஞ்சள், பொட்டாசியம் ஊதா. சுடர் இல்லாத இடத்தில் ஆள் மாறாட்டம் நடந்தாலும் நடக்கும் என்றேன். சிரித்தார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண், "சார், சோடியமும் பொட்டாசியமும் நம்ம உடம்புல இருக்குது. லித்தியம் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கு அங்க வேலையில்லைம்மா" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருக்கிறது.

கம்பியைப் பிடித்த கை கொஞ்சம் நடுங்கியது. மாத்திரையால் எனக்கு எப்போதும் சின்ன நடுக்கம் உண்டு. சுடரில் அது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தூக்கம் ஐந்து. ஐந்து தடவை எழுந்து கழிப்பறைக்குப் போனேன். தாகம் அடங்கவில்லை. நேற்று மட்டும் ஆறு செம்புத் தண்ணீர். மாசியிலேயே இப்படி வெயில் அடித்தால் சித்திரையில் என்ன செய்வோமோ.

ஓசூரிலிருந்து மகள் தாரணி போன் செய்தாள். "அப்பா, உப்பில்லாம எப்படிப்பா?" என்றாள். இளைத்துவிட்டேன், அழகாக இருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

செய்முறைத் தேர்வு முதல் நாள். சத்தியமங்கலத்திலிருந்து வந்த வெளித்தேர்வாளர் நல்ல மனிதர். கார்பனேட் வந்த பிள்ளைகளுக்கு யோகம். நீர்த்த அமிலத்தை ஊற்றியதும் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும், நெஞ்சடைப்பு இல்லாமல் மதிப்பெண் வாங்கிவிடலாம். அலுமினியம் வந்தவர்கள்தான் பாவம்.

மூன்று தடவை வயிற்றால் போயிற்று. களி ஒத்துக்கொள்ளவில்லை. மதியம் வெறும் மோர்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தூக்கம் நான்கு. மனநிலை? ஐந்து என்றே வைத்துக்கொள்வோம்.

சம்பூர்ணம் இன்று என் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுவிட்டாள். நான் மூன்று தடவை முயன்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. பொத்தானைப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாத்திரை போடறீங்களுங்களா?"

"போடறேனே."

அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகப்பட உரிமை இருக்கிறது. மருந்து ஆரம்பித்த முதல் வருடம், ஒரு மாதம் முழுக்க நான் மாத்திரைகளைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன். கை நடுங்குகிறது, எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பு. உரம் வைக்கத் தோண்டியவள் அவள்தான்.

பிப்ரவரி 18, புதன்

இன்று ஒரு தவறு செய்தேன். தேர்வுக்கு வைக்கும் உப்புப் புட்டிகளுக்கு எண் ஒட்டி, எந்த எண்ணில் எது என்ற பட்டியலை நான்தான் எழுத வேண்டும். ஏழாம் எண்ணில் ஈயத்தையும் பதினொன்றில் துத்தநாகத்தையும் மாற்றி எழுதிவிட்டேன். சரியாகச் செய்த பிள்ளை தோற்றிருப்பாள். சிக்கந்தர் பட்டியலைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தாளை மாற்றி என்னிடம் கையெழுத்து வாங்கினார். இருபத்தெட்டு வருடத்தில் இது முதல் முறை.

தேர்வாளர் சாப்பிடப் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒன்னு சொன்னா தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குப் பேச்சு கொழறுது. நடக்கும்போது மேசையப் புடிச்சுட்டு நடக்கறீங்க."

"விரதம் சிக்கந்தர்."

"நாளைக்கு எங்களுக்கும் நோன்பு ஆரம்பம் சார். பகல்ல தண்ணிகூடத் தொடமாட்டோம். ஆனா சாயங்காலம் கஞ்சி குடிப்போம், அதுல உப்பு இருக்கும். உங்க விரதம் ராத்திரி பகல்னு விடாமப் போகுதே. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் இன்னும் மாத்திரை போடுவது பள்ளியில் தெரிந்தவர்கள் தலைமையாசிரியரும் இவரும் மட்டும். உப்பு விஷயத்துக்கு டாக்டரை எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். எனக்கே வேதியியலா.

பிப்ரவரி 19, வியாழன்

எழுத்து கோணுகிறது. மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் சம்பூர்ணம் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் நல்லதற்கு இல்லை.

"ராத்திரி பூரா நடக்கறீங்க. தண்ணி தண்ணின்னு கேக்கறீங்க. பேசறது எனக்கே புரியல. அது மறுபடி வருதுங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

வரவில்லை என்றேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னீர்கள் என்றாள். உண்மைதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை இந்த நோட்டுகளில் நான் எழுதியதே இல்லை. எழுதிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஆடி மாதம், பத்து நாள் தூங்காமல், வீட்டின் தெருப்பக்கச் சுவர் முழுக்கத் தனிம அட்டவணையை வரைந்தேன். நூற்றுப்பதினெட்டும் முடிந்த பிறகு இடம் மிச்சமிருந்தது. நூற்றுப்பத்தொன்பதுக்குச் சம்பூர்ணியம் என்று பெயர் வைத்தேனாம். தெருவில் போகிறவர்களை நிறுத்தி விளக்கம் சொன்னேனாம். பதினோராம் நாள் ஆய்வகத்திலிருந்த சோடியம் கட்டியைக் கொண்டுபோய் ஊர்ப் பொதுக்கிணற்றில் போட்டேன். வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. எட்டு மாதம் பணியிடை நீக்கம், அதில் நாற்பது நாள் மருத்துவமனை. சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடித்தாள். தன் பெயரை எப்போது அடித்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இப்போது இருப்பது அது இல்லை. அப்போது உலகமே விளங்கியது. இப்போது சட்டைப் பொத்தான் விளங்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

விடுப்பு. சம்பூர்ணம் மோர் கொண்டுவந்தாள். டம்ளரில் மோர் நுரைத்தது. மேலே குமிழ் குமிழாக வந்தது. புளித்த மோர். குடிக்கும்வரை நின்றாள். அடியில் கொஞ்சம் மாவு.

பிப்ரவரி 21, சனி

மோர். நுரை. இரண்டு வேளை.

பிப்ரவரி 22

சுடர் நிறம் மஞ்சள் இல்லை சிவ

மார்ச் 1, ஞாயிறு

ஈரோடு. மருத்துவமனை. நடந்ததெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டதுதான், எழுதுவதும் அப்படியே.

22ஆம் தேதி மாலை, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்க சிக்கந்தர் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கட்டிலில் கைகால் வெட்டிவெட்டி இழுக்கக் கிடந்தேனாம். நோன்பு திறக்கும் நேரம். ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, தன் தம்பி காரை வரவழைத்துத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ரத்தத்தில் லித்தியம் 2.8. ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே போனாலே டாக்டர்கள் முகம் மாறிவிடும். இரண்டரைக்கு மேல் போனவர்கள் சிலர் திரும்பி வருவதில்லையாம்.

நான்கு நாள் எனக்கு நினைவில்லை. நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். காப்புக் கயிற்றை ஒரு நர்ஸ் கத்தரியால் வெட்டியிருக்கிறார். பதிமூன்றாம் நாளோடு விரதம் முறிந்தது, அதுவும் ரத்தக் குழாய் வழியாக.

இன்று டாக்டர் ஜோஸ்பின் கட்டில் ஓரம் வந்து நின்றார்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். கிட்னிக்கு அவ்வளவு கெமிஸ்ட்ரி தெரியாது. சோடியம் உள்ள வரலன்னா, கையில சிக்கறதையெல்லாம் திருப்பி எடுத்து வெச்சுக்கும். லித்தியத்தையும் சோடியம்னு நெனச்சுப் புடிச்சு வெச்சுக்கும். வெளிய போக வேண்டியது போகாம ரத்தத்துல ஏறிட்டே இருக்கும். மொதல் நாளே ஒரு தாள் குடுத்தேனே, அதுல ரெண்டாவது வரி அதுதான். உப்பைக் குறைக்காதீங்கன்னு."

அந்தத் தாள் எனக்கு நினைவிருக்கிறது. லித்தியத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று நான்காக மடித்து ஏதோ ஒரு புத்தகத்தில் செருகினேன். படிக்கவில்லை. சம்பூர்ணத்திடம் காட்டவும் இல்லை. ஆள் மாறாட்டம் நடக்கும் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான். வெட்கமாக இருந்தது. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

ரத்தத்தில் 0.4. கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இட்லி, சாம்பார். சாம்பாரில் உப்பு இருந்தது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், வேண்டாம்.

டாக்டர் இன்று வந்தபோது குரலில் ஒரு தயக்கம்.

"சிறுநீரகச் சோதனை நல்லாத்தான் இருக்கு. ஆனா உப்பு குறைஞ்சதும் வயித்துப்போக்கும் மட்டுமே பன்னெண்டு நாள்ல இவ்வளவு ஏத்திச்சுன்னா, சோதனையில தெரியாத ஏதோ பலவீனம் உங்க கிட்னியில இருக்கணும். அப்படின்னா மறுபடி லித்தியம் குடுக்க எனக்குப் பயமா இருக்கு. நிறுத்திடலாம்னு யோசிக்கிறேன்."

"வேற மருந்து?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரெண்டு மருந்து உங்களுக்கு மொதல்ல குடுத்துப் பார்த்தோம். ரெண்டும் கேக்கல. இதுதான் கேட்டுச்சு." தாளைப் புரட்டிவிட்டு, "மாத்திரை ஏதாச்சும் கூடுதலாப் போச்சா?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பிறகு சம்பூர்ணத்தைப் பார்த்தார்.

சம்பூர்ணம் ஜன்னலோரம் நின்றிருந்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். வாயால் சொல்லவில்லை.

அதே நாள், மதியம்

அவள் சாப்பிடப் போயிருக்கும்போது எழுதுகிறேன். வீட்டிலிருந்து மாத்திரைப் பெட்டியையும் இந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பழைய பக்கங்களைப் படித்தேன். 20ஆம் தேதி, மோர் நுரைத்தது. 21ஆம் தேதி, நுரை, இரண்டு வேளை.

புளித்த மோரில் அமிலம் உண்டு. அமிலத்தில் விழுந்து நுரைப்பது எது என்று என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். கார்பனேட். அடியில் கரையாமல் தங்கிய மாவும் சேர்ந்துகொள்கிறது.

மாத்திரை அட்டைகளை எண்ணினேன். நான் சாப்பிட்டதற்கு மேல் ஏழு குறைகிறது.

நான் மறுபடி புதைக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். சொன்னால் மறுப்பேன், அதனால் பொடித்துக் கலக்கியிருக்கிறாள். டாக்டருக்குப் போன் செய்தால் மறுபடி நாற்பது நாள் என்று பயந்திருப்பாள். அவள் செய்ததில் எங்கே தவறு என்று பார்த்தால், ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. விடை மட்டும் 2.8.

டாக்டரிடம் சொல்லாவிட்டால் லித்தியம் போய்விடும். லித்தியம் போனால் என்னைப் பிடித்துவைக்க வேறு ஒன்றும் இல்லை. சொன்னால், நோயிலிருந்து காப்பாற்ற நினைத்துப் புருஷனைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்று அவள் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிப்பாள்.

மார்ச் 4, புதன்

டாக்டர் வந்ததும் நானே சொன்னேன். "கடைசி மூணு நாள் புத்தி தடுமாறிப் போச்சு. போட்டதை மறந்து மறுபடி மறுபடி போட்டுக்கிட்டேன். ஏழு மாத்திரை."

"ஏழு. நிச்சயமாவா?"

"அட்டையை எண்ணிட்டேன்."

எண் சரி. போட்ட கை மட்டும் வேறு. டாக்டருக்கு வேண்டியது எண்தான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் முகம் தெளிந்தது. அப்படியென்றால் கணக்கு ஒத்துவருகிறது, சிறுநீரகத்தின் மேல் பழியில்லை, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். காலை ஒன்று, இரவு ஒன்று, வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

பிறகு சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, இனிமே மாத்திரை இவர்கிட்ட இருக்க வேண்டாம். உங்க கையால எடுத்துக் குடுங்க."

சம்பூர்ணம் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாலைவரை அதைக் கீழே வைக்கவில்லை. அவளுக்கு நான் ஒரு பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. மனநிலை ஆறு.

மார்ச் 6, வெள்ளி

வீடு. தாரணி வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள். சம்பூர்ணம் என்னிடம் மருந்து, சாப்பாடு, வெந்நீர் என்று மூன்று சொற்களுக்கு மேல் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தூக்கம் ஏழு. மாத்திரை காலையில் ஒன்று.

அந்த ஒன்றைக் கொடுக்க வந்தவள் கொடுக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

"லித்தியம்."

"பேர் அட்டையில இருக்குது. இது என்னன்னு சொல்லுங்க. பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் முதல் தொகுதியை எழுதினேன். லித்தியம், அதற்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம். இது ஓர் உலோகம், மண்ணெண்ணெயில்கூட மிதக்கும் என்றேன். மாத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். சமையல் உப்பில் இருப்பது இதற்குக் கீழே உள்ளது, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், உடம்புக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போவதுண்டு என்றேன். உப்பு உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் இது வெளியே போகும். முதலில் வகுப்புக் குரலில்தான் ஆரம்பித்தேன். நடுவில் அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது.

அவள் கேட்ட கேள்விகளை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

"அப்ப வெயில்ல வேர்த்து ஊத்துனாலும் இதே கதிதானுங்களா?"

"ஆமா. வேர்வையில உப்பு போகும்."

"வயித்தால போனாலும்?"

"ஆமா."

"கை ரொம்ப நடுங்கி, பேச்சுக் கொழறுனா, இது கம்மியாப் போச்சுன்னு அர்த்தமில்ல. அதிகமாப் போச்சுன்னு அர்த்தம்."

"ஆமா."

"இத்தனூண்டு, மண்ணெண்ணெயிலகூட மெதக்குதுன்னு சொல்றீங்க. இது எப்படிங்க உங்களப் புடிச்சு வெக்குது?"

"தெரியாது. யாருக்குமே முழுசாத் தெரியாது" என்றேன். எனக்குத் தெரியாது என்று அவளிடம் நான் சொன்னது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத எத்தன பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பீங்க?"

"வருஷத்துக்கு நூறுன்னு வெச்சாலும் ரெண்டாயிரத்து எண்ணூறு."

"ரெண்டாயிரத்து எண்ணூறு பேருக்கு." குரலை உயர்த்தவில்லை. "நாலு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா, நான் ஆத்தாளுக்கு வேற ஏதாச்சும் வேண்டியிருப்பேன். மோர்லயும் போட்டிருக்க மாட்டனுங்க."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான்கு நாளாக நான் அவளை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மாத்திரையை என் கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கும்வரை பார்த்தாள். பிறகு டாக்டரின் நம்பரைக் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, சொன்னேன். என் எதிரிலேயே நின்று பேசினாள்.

"டாக்டரம்மா, அவரு உங்ககிட்டச் சொன்னது பொய்யுங்க. அந்த ஏழும் நாந்தான் மோர்ல போட்டேன். இல்ல, மறந்து போடலீங்க, தெரிஞ்சேதான் போட்டேன். அது என்னன்னு மட்டும் எனக்குத் தெரியாதுங்க. இப்பத்தான் சொன்னாரு."